களத்தில் விட்ட செருப்புகள்

தை 6, ஞாயிறு

எங்கள் மலைக்கிராமம் மாரமங்கலத்தைச் சுற்றிப் பார்ப்பவர்கள் காதில் மாட்டிக் கேட்டபடி நடக்க, சுற்றுலா நடத்தும் சேலத்துக் கவிதா வழிவிளக்கத்தை என் குரலில் ஒலிப்பதிவு செய்திருந்தாள். அதை நம்பித்தான் பக்கத்து வீட்டுப் பொன்னி சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறாள். இன்று முதல் கூட்டம் வந்தது. நானும் பின்னாலேயே போனேன்.

காப்பி காயும் களத்தில் செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தேன். களம் தாண்டியதும் மாட்டிக்கொள்ளச் சொல்ல மறந்திருக்கிறேன். பலமுறை திருத்திய உரை. ஊர் வழக்கம் என்று நினைத்து எல்லோரும் செருப்பைக் களத்திலேயே விட்டுவிட்டுக் கல் பாதையில் வெறுங்காலோடு நடந்தார்கள். கூப்பிட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, தலையைக் குனிந்தபடி பின்தொடர்ந்தேன். இனி யாரும் வரமாட்டார்கள், பொன்னியின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"ஏனுங்க சார், அந்தப் பாதையில நானே செருப்பில்லாம போகமாட்டனுங்க," என்று பொன்னி சிரித்தாள். "ஆனா மாத்திப்போடாதீங்க. கால் நோவுதுன்னு நம்மூட்டுல நொம்ப நேரம் உக்காந்துட்டாங்க. களி மிச்சமில்லீங்க. மிளகும் வாங்கிட்டாங்க. அடுத்த வாரம் சொந்தக்காரங்களோட வராங்களாம்."

இருந்தாலும் திருத்தத்தான் வேண்டும். நாளை கவிதாவிடம் சொல்வேன்.

உள்ளங்கால் எரிகிறது. என் குரலுக்கு நானும் கட்டுப்பட்டிருக்கிறேன். அவர்கள் திரும்பும்போது தங்கள் செருப்பை எடுத்துக்கொண்டார்கள். என் செருப்பு இன்னும் களத்தில்தான் கிடக்கிறது.