புளிமூஞ்சிகளால் வந்த வினை

சாலை, திருவனந்தபுரம்
12-8-1936

அன்புள்ள ஞானபாய்க்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் முட்டுவலி தேவலையா? மகள் கிரேஸி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

கிரேஸிக்கு எழுதிவரும் ராட்சசர் கதையால் இங்கே ஒரு சின்னக் கலகம். பயப்படாதே, அடிதடி இல்லை. கதையில் ராட்சசர்கள் குள்ளர்களைச் 'சுண்டைக்காய்கள்' என்பார்கள். குள்ளர்கள் அவர்களைப் 'புளிமூஞ்சிகள்' என்பார்கள். இதை அறையில் சத்தமாக வாசித்துத் தொலைத்தேன்.

கூடத் தங்கியிருக்கும் குட்டன் பிள்ளை எழுந்துவிட்டார். "எடோ ஞானையா, மீன்கறியில புளியிடுறது நாங்களல்லே? இது எங்களைத்தன்னே பரிகாசம்!"

பக்கத்து அறைத் திருநெல்வேலிக்காரர் சங்கரமூர்த்தி விடவில்லை. "என்னவே பேசுதீரு? புளிக்குழம்பு எங்க சொத்து. அவரு ஏசினது எங்களைத்தான்!"

ஏச்சு யாருக்குச் சொந்தம் என்று வெகுநேரம் வழக்காடினார்கள். கடைசியில் இருவருக்கும் பொது என்று ராஜியாகி, இப்போது சேர்ந்து கஞ்சி குடிக்கிறார்கள். என்னைக் கூப்பிடுவதில்லை. என் மூஞ்சியைக் கண்ணாடியில் பார்த்துத்தான் எழுதினேன் என்றால் நம்பமாட்டேன் என்கிறார்கள். குட்டன் பிள்ளைக்கு நான் பாண்டி, சங்கரமூர்த்திக்கு மலையாளத்தான். இரண்டு சீமைக்கும் நடுவில் பிறந்த எனக்காகப் பேச எந்தப் பக்கமும் ஆளில்லை. தனியே தின்றால் கடைத் தோசையும் இறங்கமாட்டேன் என்கிறது.

ராட்சசர்களுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாத பேராக ஒன்று கிரேஸியிடம் கேட்டு எழுது. கடை திறக்க நேரமாகிவிட்டது, முதலாளி இருமுகிறார். நாரத்தங்காய் ஊறுகாய் போட்டிருந்தால் யாரிடமாவது கொடுத்தனுப்பு. ஊறுகாய்ப் பரணி பெரியதாக இருக்கட்டும். மூன்று பேருக்குக் காணவேண்டும்.

உன் அன்புள்ள,
ஞானையன்