கயல்விழிக்கு வகுப்பில் வைத்த பெயர்

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழ எனக்கு நேரமில்லை. நம் மகள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தை மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள், நீங்கள்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்து அதை அனுபவிப்பவள் கயல்விழி.

ஜூன் மாதம் அவள் வகுப்பு டீச்சர், உதவித்தொகைக்கு எழுதிப் போடுவதற்காக, "அப்பா இல்லாதவங்க எல்லாம் எந்திரிங்க" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். இவள் மட்டும் எழுந்திருக்கிறாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அது போதாதென்று, பாவம், இவளை யாரும் எதுவும் சொல்லாதீர்கள் என்று வேறு சேர்த்திருக்கிறார். மறுநாளிலிருந்து நம் பிள்ளையின் பெயர் 'பாவம்'.

பாவம், இங்கிட்டு வா. பாவம், தள்ளி உட்காரு. மதியம் தாங்கள் தின்ற மிச்சத்தை அவள் தட்டில் கொட்டி, தர்மம் போட்டோம் என்று சிரித்திருக்கிறார்கள். அந்தப் பெயர் டீச்சர் காதிலும் விழுந்திருக்கிறது. அவரும் சிரித்தாராம். டீச்சரே சிரித்த பிறகு பிள்ளைகளுக்கு என்ன பயம்?

அதே பிள்ளைகள், அதே பெஞ்சு, கணக்கு டீச்சர் வந்தால் மட்டும் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. முதல் தடவை கேட்டதுமே அவர் பாடத்தை நிறுத்திவிட்டாராம். சொன்னவள் எழுந்து ஒழுங்காகப் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை சாக்பீஸைத் தொடவில்லை. அடிக்கவில்லை, திட்டவுமில்லை. "கணக்கு பீரியட்ல மட்டுந்தாம்மா என்னைய பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க" என்றாள். கணக்கில் அவள் வாங்கும் சொற்ப மார்க் உங்களுக்கே தெரியும். அந்த ஒரு பீரியடுக்காகத்தான் இத்தனை நாள் போயிருக்கிறாள்.

நேற்று கீரமங்கலம் சந்தைக்குப் பூக் கொண்டுபோகாமல், அவளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வகுப்பு டீச்சர் தன்மையாகத்தான் பேசினார். பிள்ளைகள் விளையாட்டைப் பெரிசு பண்ணக் கூடாது என்றார். பிறகு எனக்காக என்று கயல்விழியை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, அப்பா இல்லாத பிள்ளையைக் கேலி பண்ணலாமா, பாவமில்லையா என்று கேட்டார். வகுப்பே குனிந்துகொண்டு சிரித்தது.

"டீச்சர், அவ பேரு கயல்விழி. அவ அப்பா செத்ததுக்கு அவ என்ன செய்வா? பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, போதும்" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. உதவி செய்யப் போனால் இதுதான் மிச்சம் என்று பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

திரும்பும்போது அவள் என்னோடு சேர்ந்து நடக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இனிமே ஸ்கூலுக்கு வராதம்மா. ஒன்னைய பாவத்தோட அம்மாங்கிறாங்க."

நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? போய்ச் சத்தம் போட்டிருப்பீர்களா? இல்லை, நீங்கள் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காதா?

திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன். ஹெட்மாஸ்டரைப் பார்ப்பேன். எந்தப் பிள்ளையையும் இப்படிக் கேட்டு எழுப்பக் கூடாது என்று அவர் சொல்லும்வரை நகர மாட்டேன். கயல்விழி என்னோடு பேசாமல் இருந்தாலும் போவேன், மாமா. இது சத்தியம்.

கயல்விழியின் அம்மா,
உங்கள் தனம்