பெயர் எழுதாத சீட்டு

15.3.25, சனி

பரளச்சி ஊர் உடல்நல வகுப்புக்கு இன்று பதினெட்டுப் பெண்கள். மாதவிலக்கு வலிக்கு உப்பு ஒத்தடம் கொடுப்பதில் ஆரம்பித்துக் கருப்பைப் படம் வரைந்து முடித்தேன். யாரும் எழுந்து ஓடவில்லை. இந்த அறை கிடைத்ததே ஒரு பேரத்தில்தான். "பொம்பளைகளுக்கு மூட்டுவலி பாருங்க, அப்பறம் பிள்ளைகளுக்கு என்னமும் சொல்லிக்குடுங்க" என்றார் ஊர்ப் பெரியவர் இருளப்பசாமி. அதனால் முதலில் பருத்தி எடுத்துவிட்டு வருகிறவர்களின் முழங்காலை நீவிவிட வேண்டும். அதற்கப்புறம்தான் வகுப்பு. நான் நர்ஸ் இல்லை, வகுப்பெடுக்கப் பயிற்சி எடுத்தவள் மட்டும்தான் என்று நூறு தடவை சொல்லியாயிற்று. இன்னும் நர்ஸம்மாதான்.

வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுவதை எழுதிப் போட ஒரு காராச்சேவு டப்பா வைத்திருக்கிறேன். பெயர் எழுதக் கூடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருத்தி கையிலும் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். பதினோரு சீட்டு விழுந்தது.

22.3.25

பஸ் வரவில்லை. ஷேர் ஆட்டோவில் பன்னிரண்டு பேர். எனக்கு யார் முதுகு நீவிவிடுவது?

29.3.25, சனி

ஊரில் காப்புக் கட்டியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அம்மன் பொங்கல், முளைப்பாரி. இருளப்பசாமியின் தம்பி மகள் பிருந்தா, பதினேழு வயது, அம்மா முருகலட்சுமியோடு மூட்டுவலி முகாமுக்கு வந்தாள். இடது கெண்டைக்காலில் வலி. "நின்னுக்கிட்டே திரியிறா, வேற ஒண்ணுமில்ல." அம்மாதான் பதில் சொன்னாள். நானும் அம்மாவைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தேன். கால் கொஞ்சம் சூடாக இருந்தது. எண்ணெய் போட்டு நன்றாக நீவிவிட்டேன்.

ரொம்ப அலுப்பு. டப்பாவைத் திறக்கவில்லை.

31.3.25, திங்கள், காலை

இப்போதுதான் திறந்தேன். ஒரு சீட்டு:

'பொங்கலுக்கு அந்த நாள் தள்ளிப்போக மாத்திரை போடுறேன். டவுன்ல மெடிக்கல்ல வாங்குனேன். அம்மாவுக்குத் தெரியாது. இடது காலு மட்டும் வீங்குது. சொன்னா முளைப்பாரி தூக்க விடமாட்டாங்க. என்ன செய்ய?'

இடது கால். பிருந்தாதான். இந்த மாத்திரை சிலருக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்ட வைக்கும் என்று பயிற்சியில் சொன்னார்கள். கட்டியிருந்தால் நீவவே கூடாது. கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போனால் — நான் நீவினேனே. எண்ணெய் போட்டு நீவினேனே! ரெண்டு நாளா டப்பாவ வீட்ல வச்சுக்கிட்டு என்னடி செஞ்ச?

ஏழேகாலுக்குப் பஸ்.

அதே நாள், மாலை, மதுரை ஆஸ்பத்திரி

எழுதினால்தான் நிதானம் வரும்.

நான் போனபோது பிருந்தா முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு நொண்டிக்கொண்டு வந்தாள். கால் இன்னும் வீங்கியிருந்தது. அவளிடம் தனியாக ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்றேன். முருகலட்சுமி நகரவில்லை. காலில் ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றேன்.

"நாளைக்கு எங்க வீட்டு மொளப்பாரிதான் மொதல்ல போகணும். எறக்கி வச்சதும் நானே கூட்டிட்டு வாரேன், நர்ஸம்மா."

பிருந்தா கண்ணாலேயே கெஞ்சினாள், சொல்லிவிடாதீங்க என்று. போன வருடம் மாதவிலக்காகி, ஊரே ஊர்வலம் போக, வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவள். இவள் மேல் எப்படிக் கோபப்படுவது?

சொல்லிவிட்டேன். "தள்ளிப்போட மாத்திரை சாப்பிட்டிருக்கா. நாளைக்கு வரைக்கும் தாங்குமான்னு எனக்குத் தெரியாது."

முருகலட்சுமி கை ஓங்கினாள். நடுவில் போய் நின்றேன். பிருந்தா அழவில்லை. "சத்தியம் பண்ணீகல்ல" என்று மட்டும் கேட்டாள்.

இருளப்பசாமி கார் கொண்டுவந்தார். நான் ஏறும்போது, "அந்த ரூம்பு சாவியக் குடுத்துருங்க" என்றார். கொடுத்துவிட்டேன்.

ரத்தக்கட்டுதான். ஊசி போட்டிருக்கிறார்கள். நெஞ்சுக்குப் போகாமல் இருக்க வேண்டும், ஒரு நாள் போகட்டும் என்கிறார் டாக்டர். நீவினதை அவரிடம் சொன்னேன், எழுதிக்கொண்டார். முருகலட்சுமியிடமும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

1.4.25

மூச்சு சீராக இருக்கிறது. ஊரில் முளைப்பாரி புறப்பட்டிருக்கும். பிருந்தா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

6.4.25

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போய்ப் பார்க்கலாமா? எந்த முகத்தோடு? போகவில்லை.

26.4.25, சனி

எம்.ரெட்டியபட்டியில் புது இடம். இப்போது யார் கையிலும் அடித்துச் சத்தியம் செய்வதில்லை. "உசுருக்கு ஆபத்துன்னா சொல்லுவேன். மத்தது எதையும் சொல்ல மாட்டேன்" என்று முதலிலேயே சொன்னேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டப்பாவில் ரெண்டே சீட்டு.

காலைத் தொடுவதற்கு முன் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்கிறேன். இது ஒன்றாவது கற்றேன்.

10.5.25, சனி

முருகலட்சுமி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் முழங்காலை நீட்டினாள். என்ன மாத்திரை சாப்பிடுறீக என்று கேட்டேன். "பிரஷர் மாத்திரை மட்டும்தான்." நீவி முடித்ததும் இடுப்பிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"மவ குடுத்துவிட்டா. நா படிக்கல. படிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா."

அவள் ஆட்டோ ஏறியதும் அங்கேயே திறந்தேன்.

'வீக்கம் வத்திருச்சு. அடுத்த வருசம் பொங்கலுக்கு அந்த நாள் வந்தா என்ன செய்ய? இந்தத் தடவ அம்மாவ வச்சுக்கிட்டே சொல்லுங்க.'

கீழே பெயர் எழுதியிருந்தாள்.