இடம் வலம் மாறிய சுருள்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சிராங்கூன் ரோட்டுக் காபிக் கடையில் ஜெனிவீவைச் சந்தித்தேன். தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. நிரந்தர வேலை. சுருள் வடிவ நட்சத்திர மண்டலங்களுக்குக் கைகள் எப்படி உருவாகின்றன என்பதில் முனைவர் பட்டம் வாங்கியவள். சிலி நாட்டு வானாய்வு நிலையம் ஒன்று மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கூப்பிடுகிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா சம்மதிக்கவில்லை.

"அப்பா தமிழ் வாத்தியாரா இருந்தவர் சார். நான் என்ன ரிசர்ச் பண்றேன்னு நான் சொன்னா காதுலயே ஏறாது. உங்க பேப்பர்ல வந்தா வரி விடாம படிப்பார்."

"படிச்சிட்டுப் போகச் சொல்வாரா?"

"தெரியல. ஆனா அவர் வேண்டாம்னா நான் போகமாட்டேன். அவ்ளோதான் லா."

நான் பத்திரிகையில் அறிவியல் எழுதுகிறவன், சிபாரிசுக் கடிதம் எழுதுகிறவன் இல்லை என்றேன். விளங்குகிற மாதிரி எழுதினால் போதும் என்றாள். அதுதான் கடினம் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

இரண்டாம் சந்திப்பு. கைகள் என்றால் சக்கரத்தின் ஆரக்கால் போல நட்சத்திரங்களால் ஆன நிலையான உறுப்புகள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இருக்க முடியாதாம். மையத்துக்கு அருகில் உள்ளவை சீக்கிரம் ஒரு சுற்றை முடிக்கின்றன. வெளியே உள்ளவற்றுக்கு அதிக காலம் பிடிக்கிறது. அப்படியானால் சில சுற்றுகளிலேயே கைகள் நூல்கண்டாக இறுகிப் போயிருக்க வேண்டும். இறுகவில்லை. ஏன்?

"உட்லண்ட்ஸ் பாலத்து டிராஃபிக் ஜாம் மாதிரி சார். ஜாம் அங்கேயே நிக்குது. கார் மட்டும் மாறிக்கிட்டே இருக்கு."

நட்சத்திரங்கள் கைக்குள் நுழைகின்றன, நெருக்கடியில் மெதுவாகின்றன, வெளியேறுகின்றன. இது ஒரு விளக்கம். இன்னொன்றும் உண்டு: கைகளே நிலையில்லை, அவை பிறந்து, வளர்ந்து, கலைந்து, மறுபடி பிறக்கின்றன. ஜெனிவீவ் இந்தப் பக்கம்.

பொதுவாகக் கைகளின் நுனி சுழற்சிக்குப் பின்னால் இழுபடும், ஓடும் பெண்ணின் துப்பட்டா போல. அவள் ஆராய்ந்த மண்டலத்தில், மையத்தருகே மங்கலான ஒரு சிறு கையின் நுனி மட்டும் முன்னோக்கி நிற்கிறது. சுழற்சி அதை மெல்ல விரித்து, பின்பக்கம் வளைக்கும். அப்படி வளைகிறபோதுதான் அது வலுப்பெறும் என்கிறது கணக்கு. அதாவது, கை ஒன்று உருவாகிற நேரத்தில் அகப்பட்டிருக்கலாம்.

"'அகப்பட்டிருக்கலாம்'னே எழுதுங்க சார். 'அகப்பட்டது'ன்னு எழுதிடாதீங்க."

எனக்கு இவளைப் பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன். துப்பட்டா மட்டும் தப்பியது.

ஆகஸ்ட் 16, சனி

பக்கம் தயார். சுழலும் திசையை எப்படி அறிகிறார்கள் என்பதையும் சேர்த்துவிட்டேன்: ஒரு பக்கத்து வாயு நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கத்து வாயு விலகிப் போகிறது. எந்த விளிம்பு நமக்கு அருகில் என்பதைத் தூசியின் நிழல் சொல்லும். இரண்டையும் சேர்த்தால் திசை கிடைக்கும். "படத்தில் உள்ள மண்டலம் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்கிறது. பெரிய கைகளின் நுனி பின்னே. சிறு கையின் நுனி முன்னே." இதுதான் கட்டுரையின் உயிர்.

சிவானி பக்கத்தை அழகாக வடிவமைத்திருந்தாள். எழுத்தை இரண்டு முறை படித்துக் கையெழுத்திட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று கட்டுரை வெளியானது. இன்று காலை அலுவலகத்துக்குத் தொலைபேசி. அந்தோனி, ஜெனிவீவின் தகப்பனார்.

"முகைதீன் பாய்தானே? கட்டுரை நல்லா இருக்கு. நடை தெளிவு. பத்துக்கு ஏழு போட்டிருக்கேன்."

"நன்றி சார். மிச்சம் மூணு?"

"படத்துக்குக் கழிச்சேன். நீங்க எழுதின திசையிலயே விரலை வச்சு சுத்திப் பார்த்தேன். பெரிய கை முன்னால போகுது, சின்னது பின்னால போகுது. எம் பொண்ணு சொல்றது அப்படியே தலைகீழ். இதுக்காகவா நிரந்தர வேலைய விடணும்?"

பக்கத்தை எடுத்து விரலை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

சிவானியிடம் ஓடினேன். படத்தில் இருப்பவர் பக்கத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும், வெளியே பார்க்கக் கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். அதற்காக ஆள் படத்தை இடவலம் திருப்பினால் கடிகாரம் வேறு கைக்குப் போய்விடும், ஆகவே திருப்பமாட்டோம். பூ, மேகம், கடல் என்றால் யாரும் கேட்பதில்லை.

"அண்ணே, இதுக்கு மூஞ்சியே இல்லையே! வால் பக்கத்துக்கு வெளிய ஓடுற மாதிரி இருந்துச்சு. உள்ள திருப்பிட்டேன்."

சொல்லும்போதே அவள் முகம் வெளுத்தது. அவளை என்ன திட்டுவது? சனிக்கிழமை அந்தப் படத்தைப் பார்த்து, 'எவ்வளவு பாந்தமாக உட்கார்ந்திருக்கிறது' என்று நினைத்தவன் நான்தானே.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

"படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டது. வருந்துகிறோம்." நான்காம் பக்கம், கீழ் மூலை. சரியான படத்தையும் போடுங்கள் என்று கேட்டேன். இடமில்லை.

மாலையில் ஜெனிவீவ் அழைத்தாள். "அப்பா நம்பல சார். நான்தான் உங்ககிட்ட சொல்லி திருத்தம் போட வச்சேன்கிறார்." அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 23, சனி

புக்கிட் பாத்தோக்கில் உள்ள அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜெனிவீவ் கூடுதல் வகுப்பு எடுக்கக் கல்லூரிக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தவர் அவள் அம்மா அல்போன்சம்மாள்.

"வாங்க பாய். ஒரு வாரமா இந்த மனுஷன் சோத்துத் தட்டைக் கூட சுத்திச் சுத்திப் பார்த்துட்டுத்தான் சாப்பிடுறாரு."

"நீ சும்மா இரு," என்றார் உள்ளிருந்து அந்தோனி.

மேசையில் என் பக்கம், சிவப்பு மையில் 7/10. அதை எடுத்துக்கொண்டு அவரைச் சன்னலுக்கு அழைத்தேன். படம் இருந்த பக்கத்தைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினேன். இப்போது தாளின் முதுகு எங்களைப் பார்த்தது. பின்பக்கத்து விளம்பரத்தில் மலிவு விலை இறால்கள். அவற்றுக்கு நடுவே, வெளிச்சத்தில், சுருள் தெரிந்தது. இடவலம் மாறாத சுருள்.

"இப்பச் சுத்திப் பாருங்க சார்."

ஆள்காட்டி விரலை வைத்தார். மெதுவாகச் சுற்றினார். பெரிய கைகள் பின்னே போயின. சிறு கை முன்னே நின்றது. மறுபடி சுற்றினார். மூன்றாம் தடவை எனக்காக இல்லை, அவருக்காக.

"அப்ப அவ சொன்னது சரி."

"அது தெரியாது சார். படம் சரி. அந்தச் சின்னக் கை பெரிசாகுமான்னு அவளுக்கே தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் போகணும்கிறா."

"அது திரும்பி முடிக்க எத்தனை வருஷமாகும்?"

"பத்துக் கோடி வருஷமாவது ஆகும்."

"இவளுக்குக் கொடுக்கிறது மூணு வருஷம்!" என்று சிரித்தார். அல்போன்சம்மாளும் சிரித்தார். பிறகு அந்தோனி தாளை என்னிடமிருந்து வாங்கி, தானே கண்ணாடியில் வைத்துப் பிடித்தார்.

"தெரியாததுக்குப் போறா. நிரந்தரம்னு ஒண்ணு கையில இருக்கப்போ." பிறகு, என்னைப் பார்க்காமல்: "மூணு வருஷம் முடிஞ்சா இங்கேயே வருவாளா பாய்?"

தெரியாது என்றேன்.

வண்டியில் திரும்பும்போது யோசித்தேன். ஒரு வாரமாக அவர் படத்தோடுதான் சண்டை போட்டாரா? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க, கைக்கு அகப்பட்டது படம். நாங்கள்தான் அதை அவருக்குக் கொடுத்தோம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மாதத்தின் கடைசி வேலைநாள்; அவள் பதில் சொல்ல வேண்டிய கெடு. அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. கட்டுரை முடிந்தது, அதற்கு மேல் எனக்கு அங்கே என்ன வேலை? – என்று எழுதுகிறேன், தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

செப்டம்பர் 6, சனி

சிவானி ஒரு நிலவுப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, இதைத் திருப்பலாமா?" என்றாள். இரண்டு பேரும் ஒரே குரலில் "வேணாம்" என்றோம்.

செப்டம்பர் 27, சனி

தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டு, பின்தெருவில் மாவு அரைக்கும் கடையைக் கடந்தேன். உள்ளே அந்தோனி, தும்மிக்கொண்டு. பக்கத்தில் அல்போன்சம்மாள், வறுத்த மல்லியும் மிளகாயும் நிறைந்த பெரிய தூக்கோடு. என்னை அவர்கள் பார்க்கவில்லை.

"இவ்வளவும் ஒரே தடவையில அரைக்கணுமா சார்? கடை போடப் போறீங்களா?" கடைக்காரர் கேட்டார்.

"எம் பொண்ணுக்கு. சிலிக்குப் போறா. மூணு வருஷத்துக்கு வேணும்."

"மூணு வருஷமா! ஆறு மாசத்துல வாசம் போயிடும் சார்."

அந்தோனி மனைவியைப் பார்த்தார். தூக்கைத் திறந்தார். முக்கால்வாசிக்கு மேல் பைக்குள் திருப்பிக் கொட்டினார்.

"அப்ப இதை மட்டும் அரைங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நான் வருவேன்."