பயோடேட்டாவில் போட்ட பெயர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

திண்டுக்கல்லில் என்னைப் போல் பூட்டுத் திறக்க ஆளே கிடையாது. சாவி தொலைந்த இரும்புப் பெட்டிகள் ஆயிரம் திறந்திருப்பேன். சரி, இருநூறு. ஆனாலும் இப்போது அவ்வளவாக யாரும் கூப்பிடுவதில்லை. நாகல் நகரில் ஒரு நகைக்கடைக்கு மாதச் சம்பள வேலை கேட்டு இன்று போனேன்.

பயோடேட்டா அடித்துக் கொடுத்த அக்கா மகள் செல்வி அப்போதே சொன்னாள். "மாமா, யார் வீட்டுப் பெட்டியைத் திறந்தீகன்னு பேரெல்லாம் போட வேணாம்."

"போடுத்தா. பேரு இருந்தாத்தான் நம்புவாக" என்றேன். சின்னாளப்பட்டி சேலைக்கடைக்காரர் பெயரை முதலில் போட வைத்தேன்.

நகைக்கடை முதலாளி படித்துவிட்டுச் சிரித்தார். "எந்த வீட்டுல பெட்டி இருக்குன்னு தாள் அடிச்சே குடுக்குறீகளேண்ணே. நாளைக்கு என் கடையும் இதுல வருமா?" தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் சேலைக்கடைக்காரர் போன் செய்தார். முதலாளி அவரிடம் விசாரித்திருக்கிறார்.

"ஏப்பா, அந்தப் பெட்டி இருக்குறது என் தம்பிமாருக்கே தெரியாது. உன்னைய நம்பித்தான வீட்டுக்குள்ள விட்டேன்?"

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். என்னை இன்னமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான்.

வீட்டில் மனைவியிடம் வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். முதலாளி எழுந்து நின்று கைகொடுத்தார் என்றும் சொன்னேன். அவள் புது டிபன் கேரியர் வாங்கி வைத்துவிட்டாள். ஒன்றாம் தேதி காலையில் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.