கடைசி பெஞ்ச் வரைக்கும்

அன்புள்ள அம்மாவுக்கு,

லின்சி எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஷில்லாங் குளிர் எனக்குப் பழகிவிட்டது.

நேற்று நான் நடத்தும் ஆங்கில வகுப்பைப் பார்க்கத் துறைத்தலைவர் மேடம் வந்தார். உரக்க வாசிக்கும் பயிற்சி. உருளைக்கிழங்கு விலை பற்றிய செய்தியை நானே வாசித்துக் காட்டினேன். மதுக்கரை மாதா கோயிலில் நான் பைபிள் வாசகம் வாசிக்கும்போது, கடைசி வரிசையிலிருந்து காதைத் தொட்டு, “கேக்கல கண்ணு” என்று ஜாடை காட்டுவீர்களே, அந்த நினைப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்தே வாசித்தேன். முடித்ததும் பழக்கதோஷத்தில், கோயிலில் வாசகத்தின் முடிவில் சொல்வதுபோலவே, “ஆண்டவரின் அருள்வாக்கு” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்! இங்கே முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவர்கள். பூசையில் சொல்வதுபோலவே “இறைவா உமக்கு நன்றி” என்று வகுப்பே பதில் சொன்னது. உருளைக்கிழங்குக்கு!

மேடமும் சிரித்துவிட்டார். பிறகு, கடைசி பெஞ்ச் வரைக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது, யாரிடம் கற்றுக்கொண்டாய் என்றார். ஆங்கிலத்தில் ஒரு வரிகூடப் படிக்காத என் அம்மாவிடம் என்றேன்.

அடுத்த பார்சலில் கொஞ்சம் துவரம்பருப்பு வையுங்கள். இங்கே வாங்கியதில் அரிசிம்பருப்புச் சாதம் நம் ருசிக்கு வரவில்லை.

மணி அடித்துவிட்டது. ஞாயிறு பூசையில் இப்போது என் முறைக்கு யார் வாசிக்கிறார்கள்? யாராக இருந்தாலும் காதைத் தொட்டுக் காட்டாதீர்கள் அம்மா. அது எனக்கு மட்டும்.

உங்கள்
லின்சி