கண்ட்ரோலும் எச்சும்

செவ்வாய்க்கிழமை.

திருவிழா மலரில் நான் ‘அந்தோணியார்’ என்று தட்டிய இடமெல்லாம் ‘அந்தோனியார்’ ஆக வேண்டும் என்று பங்குச் சுவாமி இன்று காலையில்தான் சொன்னார். நாலு மணிக்கு அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றலாம் என்று கண்ட்ரோலையும் எச்சையும் சேர்த்து அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. கணினியை அணைத்துப் போட்டும் அப்படியேதான்.

வேறு வழியில்லாமல் நெல்லியடியில் கணினி படிப்பிக்கும் ஸ்டெல்லாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள். தன் மகளின் கலியாணத்துக்கு நான் போகாததிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. சுகம்கூட விசாரிக்காமல் விசயத்தைச் சொன்னேன்.

“கீபோட் இப்ப தமிழிலையோ இங்கிலிசிலையோ கிடக்கு?”

“தமிழிலை.”

“பிறகு அதுக்கு எச் எண்டு எப்பிடியடி விளங்கும்? இங்கிலிசுக்கு மாத்திப்போட்டு அமத்து.”

மாற்றி அமத்தியதும் சொல் மாற்றும் பெட்டி திறந்தது. திரும்பத் தமிழுக்கு வந்து இரண்டு பெயரையும் தட்டினேன். எண்பது பக்கமும் ஒரு நொடியில் சரியாகிவிட்டது. நான் சிரித்தேன், அவளும் சிரித்துவிட்டாள்.

“ஞாயிற்றுக்கிழமை வீட்டிலை நிப்பியோ?” என்று கேட்டாள்.

“ஓம், வா.”

கலியாணத்தைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. மகளுக்கென்று வாங்கிய சேலை இன்னும் அலுமாரியில் கிடக்கிறது. இப்போது கொடுத்தால் என்ன நினைப்பாளோ. நினைக்கட்டும், கொடுக்கத்தான் போகிறேன்.